புள்ளி இல்லாத தேரைப்பூ

செப்டம்பர் முடிந்து அக்டோபர் பிறக்கும்போது ஜப்பானியத் தோட்டங்களின் மரத்தடிகளில் ஒரு செடி பூக்கத் தொடங்கும். முழங்கால் அளவோ அதற்குச் சற்று மேலோ உயரம். வில்லாக வளைந்த தண்டு, அதைத் தழுவிக்கொண்டு நிற்கும் மென்மயிர் அடர்ந்த இலைகள், இலைக்கக்கங்களில் வானத்தைப் பார்த்தபடி ஒன்றிரண்டு பூக்கள். பூவின் அகலம் இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். வெளிறிய இதழ்கள் எங்கும் ஊதாப் புள்ளிகள். ஆங்கிலத்தில் இதை டோட் லில்லி என்கிறார்கள். நாம் தேரை லில்லி என்று வைத்துக்கொள்ளலாம்.

குனிந்து முகத்தருகே வைத்துப் பார்த்தால் அசந்துபோகவேண்டிய பூ. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் கதை வேறு. புள்ளியும் பின்னணியும் ஒன்றோடொன்று கலந்து மங்கலான சாம்பல் நிறமாகி, மரநிழலில் பூ இருப்பதே தெரியாது. செடி விரும்புவதோ நிழல். ஆகவே தோட்டக்காரருக்கு ஒரு சிக்கல்: எங்கே நன்றாக வளர்கிறதோ அங்கே கண்ணுக்குப் படாது. இந்தச் சிக்கலைத் தீர்த்து வைப்பது புள்ளியே இல்லாத வெள்ளைத் தேரை லில்லி. அரையிருட்டில் தூரத்திலிருந்தே தெரியும். புள்ளிகள்தான் இந்தப் பூவின் அழகு என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. புள்ளிகள் போன பிறகுதான் இந்தப் பூவின் உடற்கட்டு கண்ணில் படுகிறது. அந்தக் கட்டுமானம் புள்ளிகளைவிட விசித்திரமானது.

தாவரவியலில் இதன் பேரினம் டிரைசிர்டிஸ். லில்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இமயமலையில் தொடங்கி சீனா, தைவான், ஜப்பான், பிலிப்பைன்ஸ் வரை ஏறக்குறைய 20 இனங்கள் பரவிக் கிடக்கின்றன. கல்கத்தா தாவரவியல் பூங்காவை நிர்வகித்த டென்மார்க்காரர் நத்தானியேல் வாலிச், நேபாளத் தாவரங்களைப் பற்றிய தன் நூலில் 1826-இல் இந்தப் பேரினப் பெயரைச் சூட்டினார். தோட்டங்களில் அதிகம் வளர்க்கப்படும் ஜப்பானிய இனமான டிரைசிர்டிஸ் ஹிர்டா அதற்கு முன்பே ஐரோப்பியரின் கண்ணில் பட்டுவிட்டது. ஸ்வீடன் நாட்டு கார்ல் பீட்டர் துன்பெர்க் 1784-இல் வெளியிட்ட ஜப்பானியத் தாவர நூலில் இது வேறொரு பேரினத்தின் கீழ் இடம்பெற்றிருந்தது. ஜப்பானியர்கள் இதைக் குயில் வகை ஒன்றின் பெயரால் ஹொதோதோகிசு என்று அழைக்கிறார்கள். அந்தக் குயிலின் மார்பில் இதே மாதிரிக் கோடுகளும் புள்ளிகளும் இருக்கும். அழகான பறவையின் பெயர் அங்கே. சொரசொரத்த தேரையின் பெயர் இங்கே. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் இந்தப் பூவுக்குக் கொஞ்சம் அநியாயம்தான் செய்துவிட்டார்கள்.

தேரைப் பெயருக்கு ஒரு பொய்க் காரணமும் உலவுகிறது. அதன் பின்னணி பூவைவிடச் சுவாரசியமானது. 1971-இல் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ காட்டில் தசாதாய் என்ற கற்கால மக்கள் வெளியுலகமே அறியாமல் வாழ்வதாக, ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் அரசில் இருந்த மனுவேல் எலிசால்டே அறிவித்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. அந்தக் காட்டில் கிடைத்த ஒரு தேரை லில்லி இனத்துக்கு அதிபரின் மனைவி பெயரால் டிரைசிர்டிஸ் இமெல்டே என்று பெயர் வைத்தார்கள். தசாதாய் மக்கள் இச்செடியின் சாற்றைக் கையில் பூசிக்கொண்டு தவளை பிடிப்பார்கள், அதனால்தான் இந்தப் பெயர் என்ற கதை தோட்டக்கலை எழுத்துகளில் புகுந்தது. 1986-இல் மார்க்கோஸ் ஆட்சி கவிழ்ந்ததும் சுவிட்சர்லாந்துப் பத்திரிகையாளர் ஆஸ்வால்டு இட்டன் அந்தக் காட்டுக்குப் போய், கற்காலக் கதையே ஜோடனை என்று எழுதினார். பின்னால் மொழியியலாளர்கள் ஆராய்ந்து, அவர்கள் தனியாக ஒதுங்கி வாழ்ந்த மக்கள் என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் கற்கால மனிதர்கள் அல்ல என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எது எப்படியோ, இந்தச் செடிக்கு டோட் லில்லி என்ற பெயர் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. தேரையின் முதுகு போலப் புள்ளி, அதனால் தேரை. அவ்வளவுதான்.

இனி பூவின் கட்டுமானம். வெள்ளைப் பூ ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம்.

வெளியே மூன்று, உள்ளே மூன்று என ஆறு இதழ்கள். வெளி மூன்றும் அகலமானவை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு புடைப்பு இருக்கும். அதற்குள்தான் தேன். பூவின் நடுவில் ஆறு மகரந்தத்தாள்களும் சூல்தண்டும் ஒட்டிய தூணாக எழுந்து, மேலே போய் நீரூற்று போல நாலாபுறமும் வளைந்து கவிழும். சூல்தண்டு மூன்று கிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் நுனியில் மறுபடி இரண்டாகப் பிளக்கும். கிளைகளின் மேல் கண்ணாடி மணி போலப் பளபளக்கும் சுரப்பி மயிர்கள். மகரந்தப்பைகள் கீழ்நோக்கித் தொங்கும். தேனுக்கு வரும் பம்பிள் தேனீ இதழின் மேல் இறங்கி, இந்தக் குடைக்கு அடியில் நுழைந்து, தூணைச் சுற்றி ஒவ்வொரு தேன்பையாகத் தேடிப் போகவேண்டும். அது போகப் போக மேலிருந்து மகரந்தப்பைகள் அதன் முதுகில் உரசும். தன் முதுகில் என்ன ஒட்டியிருக்கிறது என்று தேனீக்குத் தெரியாது. காலால் வழித்தெடுப்பதற்கும் வசதியில்லாத இடம் அது.

பல இனங்களில் இன்னொரு நுட்பமும் உண்டு. பூ மலர்ந்ததும் முதலில் மகரந்தப்பைகள் வெடிக்கும். அப்போது சூல்தண்டின் கிளைகள் தேனீக்கு எட்டாமல் மேலே நிற்கும். பிறகு அந்தக் கிளைகள் வளைந்து மகரந்தப்பைகளின் மட்டத்துக்கு இறங்கி வரும். ஒரே பூ முதலில் ஆணாகவும் பிறகு பெண்ணாகவும் வேலை செய்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும் இந்த லில்லி வரிசையைச் சேர்ந்ததுதான், ஆனால் குடும்பம் வேறு. செங்காந்தளில் சூல்தண்டு செங்குத்தாக நிற்காமல் அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீளுவதைக் கவனித்திருப்பீர்கள். தன் மகரந்தம் தன் மேலேயே விழாமல் பார்த்துக்கொள்ள இந்த உறவினர்கள் ஆளுக்கொரு வழி கண்டிருக்கிறார்கள்.

புள்ளியுள்ள பூவில் இதையெல்லாம் பிரித்துப் பார்ப்பது கடினம். இதழிலும் புள்ளி, தூணிலும் புள்ளி, சூல்தண்டிலும் புள்ளி. வெள்ளைப் பூவில் வடிவம் மட்டுமே மிஞ்சுவதால் எல்லாம் தெளிவாகத் தெரியும்.

வெள்ளை எங்கிருந்து வருகிறது? வெள்ளை நிறமி என்று எதுவும் இதழில் இல்லை. இதழின் செல்களுக்கிடையே காற்று நிரம்பிய நுண்ணிய இடைவெளிகள் உள்ளன. உள்ளே நுழையும் ஒளி செல்லுக்கும் காற்றுக்கும் இடையே மாறி மாறிச் சிதறி, எல்லா நிறங்களும் கலந்தபடி வெளியே திரும்புகிறது. ஓர் உப்புப் பரல் தனியே கண்ணாடி மாதிரி இருந்தாலும் குவியலாகும்போது வெள்ளையாகத் தெரிவதும் இதனால்தான். இதற்கு ஜப்பானிலேயே ஓர் அருமையான சான்று இருக்கிறது. வடக்கு, மத்திய ஜப்பானின் மலைகளில் டைஃபில்லேயா கிரேயி என்றொரு செடி. அதன் வெள்ளை இதழ்கள் மழையில் நனைந்தால் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். காய்ந்தால் திரும்ப வெள்ளையாகும். நீர் புகுந்து காற்றை வெளியேற்றிவிட்டால் ஒளி சிதற இடமில்லை. தேரை லில்லியின் இதழ் தடிமனானது, அவ்வளவு எளிதில் நனையாது. வெண்மைக்குக் காரணம் மட்டும் அதேதான்.

ஊதாப் புள்ளியோ உண்மையான நிறமி. ஆந்தோசயனின் என்னும் பொருள், இதழின் மேல்தோல் செல்களுக்குள் நீர் நிறைந்த பையில் கரைந்திருக்கிறது. எல்லாச் செல்லிலும் இல்லை. அங்கங்கே சில செல்கள் கூட்டமாக நிறமியைத் தயாரிக்க, பக்கத்துச் செல்கள் சும்மா இருக்கின்றன. நிறமி தயாரிக்கும் மரபணுக்கள் ஒரே செடியின் எல்லாச் செல்களிலும் உண்டு. எந்தச் செல்லில் அவற்றை முடுக்குவது என்று தீர்மானிப்பது வேறு சில மரபணுக்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆசிய லில்லிகளில் அப்படி முடுக்கும் எம்.ஒய்.பி. வகை மரபணுக்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். மிமுலஸ் என்ற வேறொரு பூவில், முடுக்கும் புரதம் ஒன்றும் அதைத் தடுக்கும் புரதம் ஒன்றும் போட்டியிடுவதால் புள்ளிகள் பிறக்கின்றன என்று 2020-இல் அமெரிக்க ஆய்வுக்குழுக்கள் காட்டின. முடுக்குவது இருந்த இடத்திலேயே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. தடுப்பதோ பக்கத்துச் செல்களுக்குப் பரவி அங்கே நிறம் வராமல் செய்கிறது. உயிரினங்களின் புள்ளிகளும் கோடுகளும் இப்படி உருவாகலாம் என்று கணினியியலின் முன்னோடி ஆலன் டூரிங் 1952-லேயே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்.

ஆக, ஒரு பூ வெள்ளையாவதற்கு இரண்டு வழி. நிறமியைத் தயாரிக்கும் நொதிகளில் ஒன்று கெட்டுப்போகலாம். அல்லது நொதிகள் எல்லாம் நன்றாக இருந்து, அவற்றை முடுக்கும் மரபணு இதழில் மட்டும் வேலை செய்யாமல் போகலாம். எந்த வழியில் வெளுத்தது என்பதைச் செடியே சில சமயம் காட்டிக்கொடுக்கும். ஹிர்டா இனத்தில் ‘ஆல்பா’ என்ற பெயரில் விற்கப்படும் வகையில் இதழ்கள் வெள்ளை, ஆனால் மகரந்தத்தாள்களில் இளஞ்சிவப்புச் சாயல் இருக்கும். அப்படியானால் நிறமி தயாரிக்கும் திறன் அந்தச் செடிக்குப் போய்விடவில்லை; இதழில் மட்டும் அதற்கு ஆணை வரவில்லை என்று ஊகிக்கலாம்.

நொதியை நிறுத்தி வெள்ளையாக்கும் வழியை ஆய்வகத்திலேயே செய்து பார்த்துவிட்டார்கள். இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1990-இல் அமெரிக்காவில் கேரலின் நபோலி, ரிச்சர்ட் ஜார்கன்சன் முதலானோர் ஊதாப் பெட்டூனியாவை இன்னும் அடர்த்தியான ஊதாவாக்க நினைத்தார்கள். நிறமித் தயாரிப்பின் முதல் படியில் வேலை செய்யும் சால்கோன் சிந்தேஸ் நொதியின் மரபணுவைக் கூடுதலாக ஒரு பிரதி உள்ளே வைத்தார்கள். நிறம் கூடவில்லை, பல பூக்கள் வெள்ளையாகவோ வெள்ளைத் திட்டுகளோடோ மலர்ந்தன. கூடுதல் பிரதி தானும் அடங்கி, செடியின் சொந்த மரபணுவையும் அடக்கிவிட்டது. அப்போது யாருக்கும் காரணம் புரியவில்லை. மரபணுவின் செய்தியை எடுத்துச் செல்லும் ஆர்.என்.ஏ.வை செல்லே தேடி வெட்டி அழிக்கும் ஏற்பாடு அது என்பது பின்னால் தெரியவந்தது. இதே ஏற்பாட்டை ஒரு சிறு புழுவில் விளக்கிக் காட்டிய ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவருக்கும் 2006-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெட்டூனியாவுக்குப் பரிசில் பங்கில்லை. தாவரவியலாளர்களுக்கு இந்த மனத்தாங்கல் இன்றைக்கும் உண்டு. நியாயமான மனத்தாங்கல் என்றே எனக்கும் படுகிறது.

ஜப்பானின் நீகாட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த உத்தியைத் தேரை லில்லிக்குப் பயன்படுத்தி 2012-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது சிவப்பு ஊதாப் புள்ளிகள் அடர்ந்த ‘ஷினோனோமே’ என்ற வகை. சால்கோன் சிந்தேஸ் மரபணுவின் செய்தியை அழிக்கும்படி அதை மாற்றினார்கள். சில செடிகளில் புள்ளிகள் அப்படியே இருந்தன, சிலவற்றில் குறைந்தன, சிலவற்றில் ஒரு புள்ளிகூட இல்லாமல் முழு வெள்ளை. ஒரே ஒரு மரபணுவின் வாயை அடைத்ததில் தேரை, தேரையாக இல்லாமல் போய்விட்டது.

எந்த வழியில் வந்தாலும் வெள்ளை நம் கண்ணுக்கு ஒன்றுதான். தேனீயின் கண்ணுக்கு அப்படி இருக்கவேண்டியதில்லை. தேனீக்குப் புற ஊதா, நீலம், பச்சை என்ற மூன்று உணர்விகள். நமக்கு வெள்ளையாகத் தெரியும் பெரும்பாலான பூக்களின் இதழில் ஃபிளேவனால் போன்ற நிறமற்ற பொருள்கள் இருந்து புற ஊதாவை உறிஞ்சிக்கொள்வதால், தேனீக்கு அவை நீலப்பச்சையாகத் தெரியும். ஃபிளேவனாலும் ஆந்தோசயனினும் ஒரே தயாரிப்புப் பாதையில் சற்றுத் தூரம் சேர்ந்து வந்து பிறகு பிரிபவை. பாதையின் முதல் படியையே அடைத்துவிட்டால் இரண்டும் இல்லை. கடைசிப் படிகளில் அடைத்தால் ஃபிளேவனால் தங்கிவிடும். வேதியியல்படி முதல் படி அடைபட்ட வெள்ளையில் இதழ் புற ஊதாவையும் திருப்பி அனுப்பவேண்டும். தேனீக்கு அது இலைகளின் பின்னணியில் அவ்வளவாக எடுபடாத நிறம். நாம் தேர்ந்தெடுக்கும் வெள்ளையில் தேனீக்கு எதுவும் குறைகிறதா என்பது, அந்த வெள்ளை எந்தப் படியில் பிறந்தது என்பதைப் பொறுத்தது.

தோட்டக்காரருக்கு இந்த மரபியல் எதற்கு என்றால், விதை போடும்போது தேவைப்படும். நிறமியை இழந்த வெள்ளை பெரும்பாலும் ஒடுங்குபண்பு. பக்கத்தில் புள்ளிச் செடி இருந்து தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்துவிட்டால், வெள்ளைச் செடியின் விதையிலிருந்து புள்ளிப் பிள்ளைகளே முளைக்கும். இரண்டு வெள்ளைகளைக் கலப்பு செய்தாலும் உத்தரவாதமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் வில்லியம் பேட்சன், ரெஜினால்ட் பன்னட் குழுவினர் இரண்டு வெள்ளை இனிப்புப் பட்டாணிகளைக் கலப்பு செய்தபோது எல்லாப் பிள்ளைகளும் ஊதாவாகப் பூத்தன. ஒன்றில் ஒரு படி பழுது, மற்றதில் வேறொரு படி பழுது. சேர்ந்தபோது ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிட்டது. அடுத்த தலைமுறையில் 9-க்கு 7 என்ற விகிதத்தில் ஊதாவும் வெள்ளையும் பிரிந்தன. ஆகையால் பெயர் பெற்ற வெள்ளை வகைகளை விதை மூலம் பெருக்குவதில்லை. வசந்தத் தொடக்கத்தில் முளை தலைகாட்டும் நேரத்தில் தூரைத் தோண்டிப் பிரித்து நடுகிறார்கள். கோடைத் தொடக்கத்தில் மொட்டு கட்டுமுன் தண்டுத் துண்டு வெட்டி வைத்தும் வேர் பிடிக்கவைக்கலாம். விதைதான் போடவேண்டும் என்றால் முற்றியதும் இலையுதிர்காலத்திலேயே தொட்டியில் விதைத்து வெளியே விட்டுவிடவேண்டும். ஒரு குளிர்காலம் பட்டால்தான் நன்றாக முளைக்கும்.

வளர்ப்பதில் பெரிய சூட்சுமம் இல்லை. ஹிர்டா காட்டில் நிழல் விழும் பாறைச் சரிவுகளில் தொங்கிக்கொண்டு வளர்வது. அதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அரை நிழல், இலைமட்கு நிறைந்த சற்றே புளிப்பான மண், எப்போதும் ஈரம், ஆனால் தேங்காத நீர். கோடையில் வேர் காய்ந்தால் கீழ் இலைகள் விளிம்பு கருகிப் பழுப்பாகும். பூக்கும் நேரத்தில் தண்டின் மேல்பாதி மட்டும் பச்சையாக, கீழ்ப்பாதி சருகாக நிற்பது பார்க்கச் சகிக்காது. ஆண்டுதோறும் இலைச்சருகு மூடாக்குப் போடுவது இதற்கு நல்ல மருந்து. குளிரில் மேற்பகுதி முழுதும் மடிந்து மண்ணுக்கடியில் தூர் மட்டும் உறங்கும். நன்றாக வேரூன்றிய தூர் மைனஸ் 20 டிகிரி செல்சியஸையும் தாங்கும். ஆனால் அந்த நேரம் மண்ணில் நீர் நின்றால் அழுகிவிடும். வசந்தத்தில் வரும் இளம் முளைகளை நத்தைகளும் ஓடில்லா நத்தைகளும் இரவோடு இரவாகத் தின்றுவிடும்.

உண்மையான எதிரி உறைபனிதான். இவ்வளவு தாமதமாகப் பூப்பதன் விலை அது. அக்டோபர் தொடக்கத்திலேயே உறைபனி விழும் ஊர்களில் மொட்டுகள் திறக்காமலே கருகிப்போகும். அப்படிப்பட்ட இடங்களில் கொஞ்சம் முந்திப் பூக்கும் ‘வைட் டவர்ஸ்’ பாதுகாப்பான தேர்வு. நிமிர்ந்த தண்டில் அடுக்கடுக்காகப் பூக்கும் வகை அது. தைவானைச் சேர்ந்த ஃபார்மோசானா இனம் மண்ணுக்கடியில் ஓடி விரைவாகப் பரவும். ஹிர்டா இருந்த இடத்திலேயே தூர் கட்டிப் பெருக்கும். வெள்ளை வகையைத் தனியாகக் காப்பாற்ற நினைப்பவர் ஃபார்மோசானாவைப் பக்கத்தில் நடாமலிருப்பது நல்லது. அது புகுந்து கலந்துவிட்டால் பூக்கும் வரை எது எது என்று பிரிக்க முடியாது.

இடம் தேர்வு செய்யும்போது பின்னணியைப் பார்க்கவேண்டும். வெயில் பட்டு வெளுத்த சுவருக்கு முன்னால் வைத்தால் வெள்ளைக்கு வேலையே இல்லை. பெரணிகளின் கரும்பச்சைக்கு முன்னால், பாதையோரத்தில், தண்டு பாதைப் பக்கம் சாயும்படி வைக்கலாம். கற்சுவர் மேலிருந்து கீழே தொங்கவிட்டால் காட்டில் இருப்பது போலவே இருக்கும். ஜப்பானில் தேநீர்ச் சடங்கு அறையின் இலையுதிர்காலப் பூக்களில் இதற்கு இடமுண்டு. அங்கே ஒரே ஒரு தண்டை எளிய குவளையில் வைப்பார்கள்; கொத்தாகச் செருகுவதில்லை. வெள்ளை வகையை அங்கே ஷிரோபானா ஹொதோதோகிசு என்று தனியாகக் குறிப்பிடுகிறார்கள்.

தமிழ்நாட்டுச் சமவெளியில் இது தேறாது. குளிர்கால உறக்கம் இதன் வாழ்க்கைச் சக்கரத்தில் ஒரு பகுதி. இந்தியாவில் இயற்கையாகப் பார்க்கவேண்டுமானால் சிக்கிம் பக்கத்து இமயமலைக் காடுகளுக்குப் போகவேண்டும். பசுமஞ்சளில் புள்ளிகள் கொண்ட மாகுலாட்டா இனம் அங்கே இருக்கிறது. வாலிச் தன் பேரினத்துக்கு அடிப்படையாக வைத்துக்கொண்டது அதைத்தான்.

ஆனால் தேரை லில்லியைத் தின்று வளரும் ஓர் உயிர் நம் மலைகளிலும் உண்டு. ஜப்பானியத் தோட்டங்களில் கோடையில் இந்த இலைகள் ஓட்டை ஓட்டையாக இருந்தால், அடியில் திருப்பிப் பார்த்தால் முள்முள்ளாக ஒரு கம்பளிப்புழு இருக்கும். கனிஸ்கா கனாச்சே என்ற பட்டாம்பூச்சியின் புழு அது. முள் குத்தி விஷம் ஏறாது. இறக்கையின் கருநீலத்தில் வெளிர்நீலப் பட்டை கொண்ட அந்தப் பட்டாம்பூச்சி இமயம் முதல் ஜப்பான் வரை பறக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையின் மலைகளிலும் அதற்குத் தனித் துணையினங்கள் இருக்கின்றன. தேரை லில்லி இல்லாத நம் மலைகளில் அதன் புழு ஸ்மைலாக்ஸ் கொடிகளின் இலையைத் தின்கிறது. ஸ்மைலாக்ஸும் லில்லி வரிசைதான். ஜப்பானிலும் அந்தப் புழுவுக்கு ஸ்மைலாக்ஸ் பிடிக்கும்; அங்கே அது தின்னும் ஸ்மைலாக்ஸ் சைனாவின் கிழங்குதான் நம் நாட்டு மருந்துக் கடைகளில் பறங்கிப்பட்டை என்ற பெயரில் கிடைக்கிறது. பூச்சிகொல்லி அடிக்காமல் புழுவைக் கையால் எடுத்துப் பக்கத்து ஸ்மைலாக்ஸ் கொடியில் விட்டுவிடும் தோட்டக்காரருக்கு வெள்ளைப் பூவும் கிடைக்கும், நீலப் பட்டாம்பூச்சியும் கிடைக்கும்.